முகம் வரையப்படாத பேய்கள்

மாயப் படங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எங்கே பேச்சு எழுந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஜப்பான்காரனிடம் பணம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, அவன் நாட்டுப்புறப் பூதங்களையெல்லாம் திரட்டிப் பெரிய படமாக எடுக்கிறான். நம் சந்தை சின்னது, நம் கிராபிக்ஸ் சுமார், நமக்கு அது கட்டுப்படியாகாது என்கிறார்கள். இயக்குநர்கள் மேடையில் சொல்கிறார்கள். விமர்சகர்கள் எழுதுகிறார்கள். பூந்தமல்லி டிரங்க் ரோட்டு டீக்கடையில் படம் பார்த்துவிட்டு வரும் பையன்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்ட பேச்சாகிவிட்டதால் யாரும் இதைத் திருப்பிக் கேட்பதில்லை. அடி முதல் நுனி வரை இது தவறான பேச்சு என்பது என் கருத்து. நமக்கு ஒரு குறை இருக்கிறது, அது பெரிய குறை. ஆனால் பணம் என்று சொல்லிச் சொல்லியே அந்தக் குறையை மறைத்து வைத்திருக்கிறோம்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. முன்பு ராட்டினங்கள் சுற்றிய பொழுதுபோக்குப் பூங்கா. இன்று தமிழ் சினிமாவின் பெரிய பெரிய செட்டுகள் எழும் இடங்களில் ஒன்று. 'பிகில்' படத்துக்கான செட் இங்கே எழுந்தது, 'இந்தியன் 2' இங்கே எடுக்கப்பட்டது, பிக் பாஸ் வீடு இங்கேதான் இருக்கிறது. தச்சர்களும் வெல்டர்களும் பெயின்டர்களும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எதை வேண்டுமானாலும் வார்த்துக் கொடுப்பவர்களும் இந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறார்கள். அரண்மனை கேட்டால் அரண்மனை, சிறைச்சாலை கேட்டால் சிறைச்சாலை, சில வாரங்களில் கட்டி நிறுத்துகிறார்கள். 2018இல் வெளியான '2.0' படத்தின் செலவு 500 கோடியைத் தாண்டியது என்று சொல்லப்பட்டது. செல்போன்களெல்லாம் சேர்ந்து ராட்சதப் பறவையாகும் படத்துக்கு அவ்வளவு பணத்தைக் கொட்ட முடிந்தவர்கள், ஒரு புளியமரத்து முனியைத் திரையில் காட்டக் காசில்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது?

அடுத்து, ஜப்பான்காரன் உண்மையில் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டும். இந்த வாதத்தில் எப்போதும் எடுத்துக்காட்டாக நிற்கும் படம் 'யோகாய் பெரும்போர்'. யோகாய் என்றால் அங்கே பேய், பூதம், பிசாசு, விந்தை விலங்கு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். 2005இல் தகாஷி மீகே இயக்கிய படத்தைத்தான் இன்றைய தலைமுறை அறியும். அதே பெயரில் 1968இல் டாயே நிறுவனம் ஒரு படம் எடுத்திருக்கிறது. பாபிலோனியாவிலிருந்து வந்த ஒரு பழம்பூதம் ஜப்பானியப் பிரபு ஒருவரின் உடலுக்குள் புகுந்துகொள்ள, உள்ளூர் யோகாய்களெல்லாம் ஒன்றுகூடி அதை விரட்டுகின்றன. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எல்லாம் ரப்பர் முகமூடி, துணி, கயிறு. ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் காலுமாக ஒரு பழைய குடை குதித்து வருகிறது. அதன் நாக்கு தொங்குகிறது. அதை ஆட்டும் கம்பி ஏறக்குறையக் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதைப் பார்த்த குழந்தைகள் நம்பினார்கள், சிரித்தார்கள், பயந்தார்கள். நம் தெருக்கூத்துக் குழு ஒன்றிடம் கொடுத்தால் அதைவிட நன்றாகச் செய்துவிடக்கூடிய வேலை அது.

2005ஆம் ஆண்டுப் படத்தில் செலவு கூடியிருக்கிறது, கணினி வேலையும் உண்டு. ஆனாலும் அந்தப் படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. தடாஷி என்று ஒரு சிறுவன். பெற்றோர் பிரிந்ததால் தோக்கியோவை விட்டுக் கிராமத்தில் தாத்தா வீட்டுக்கு வந்திருப்பவன். ஊர்த் திருவிழாவில் காவல் வீரனாக அவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனுக்குத் துணையாக வருவது சுனேகோசுரி என்ற, மழை இரவில் நடப்பவர்களின் கணுக்காலை உரசிக்கொண்டு ஓடும் ஒரு குட்டி மயிர்ப்பந்து. வேறெந்த ஆற்றலும் அதற்குக் கிடையாது. திரையில் அது ஒரு பொம்மை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எதிரி, மனிதர்கள் பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறிந்த பொருள்களின் மனக்கசப்பைத் திரட்டி, அந்தக் குப்பையையும் பிடித்துவந்த யோகாய்களையும் ஒரே உலையில் உருக்கி இரும்பு அரக்கர்களாக்குகிறான். உலகமே அழியப்போகும் நேரத்தில் ஊர் ஊராக யோகாய்கள் தலைநகருக்குத் திரண்டு வருகின்றன. எதற்கு? போருக்கல்ல, ஏதோ திருவிழா நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு. கடைசியில் எதிரியை வீழ்த்துவது வாளுமில்லை, மந்திரமுமில்லை. ஆற்றங்கரையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கப் பயறு கழுவிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன யோகாயின் கையிலிருந்த, நம் சிவப்புக் காராமணி போன்ற ஒரு பயறு. அது தவறி உலைக்குள் விழுந்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது.

பயறு கழுவுவது மட்டுமே வேலையாக உள்ள ஒரு பூதத்தைக் கற்பனை செய்ய எத்தனை கோடி வேண்டும்? அந்தப் பூதத்தை அறிமுகம் செய்ய அந்தப் படம் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பார்க்கும் குழந்தைக்கு அது ஏற்கெனவே தெரியும். முகம், பழக்கம், அது நிற்கும் இடம் எல்லாம் தெரியும். இந்தப் பரிச்சயத்தை எந்த ஸ்டூடியோவும் விலைகொடுத்து வாங்கிவிடவில்லை. 1776இல் தோரியாமா செகியென் என்ற ஓவியர் யோகாய்களை ஒவ்வொன்றாக, பக்கத்துக்கு ஒன்றாக, பெயரெழுதி வரைந்து அச்சிட்டார். பின்னால் மிசுகி ஷிகேரு வந்தார். 1922இல் பிறந்து சகாயிமினாத்தோ என்ற துறைமுக ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் அக்கம்பக்கத்துக் கிழவி ஒருத்தி சொன்ன பூதக் கதைகளைக் கேட்டவர். இரண்டாம் உலகப்போரில் இடக்கையை இழந்து திரும்பி, மிச்சமிருந்த ஒரு கையால் வாழ்நாள் முழுக்க அந்தப் பூதங்களை வரைந்தவர். அவருடைய கிதாரோ சித்திரக்கதை 1968 ஜனவரியில் தொலைக்காட்சிக்கு வந்தது. டாயே நிறுவனத்தின் யோகாய் படங்கள் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முதலில் படம் வரைந்த புத்தகம், பிறகு பிள்ளைகளின் தொலைக்காட்சி, அதற்கப்புறம்தான் சினிமா. சகாயிமினாத்தோவில் இன்று அவர் பெயரிலுள்ள தெருவில் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கல யோகாய்கள் நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றின் தலையைத் தடவிவிட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். 2005ஆம் ஆண்டுப் படத்தில் மிசுகியே யோகாய்களின் பெரியவராகத் தோன்றி, போர் என்பது வெறும் பசியைத் தருவது என்ற பொருளில் பேசிவிட்டுப் போகிறார்.

ஜப்பானுக்கு வளமான பேய்மரபு உண்டு, நமக்கு இல்லை என்று அடுத்த வாதத்துக்குத் தாவுகிறவர்கள் உண்டு. அவர்களை ஒரு நாள் திருவாலங்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பூந்தமல்லி இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டம்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். காரைக்கால் அம்மையார் தமக்குப் பேயுருவம் வேண்டுமென்று சிவனிடம் கேட்டுப் பெற்று, கடைசியில் வந்து அமர்ந்த இடம் அது. அந்தச் சுடுகாட்டைப் பாடிய அவருடைய மூத்த திருப்பதிகங்களில் பேய்கள் கும்பலாக வந்து போவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். ஒன்றுக்கு முலை வற்றி நரம்பு புடைத்திருக்கிறது, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட கணைக்கால். இன்னொன்று கள்ளிக்கிளைக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு, எரியும் கொள்ளியை எடுத்துக் கசக்கிக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. ஒரு தாய்ப்பேய் தன் பிள்ளைக்குப் பெயரிட்டு, எலும்பு பூட்டி அலங்கரித்து, பால்கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறது. பிள்ளைப்பேய் தாயைத் தேடி அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்று அறிஞர்கள் கருதும் ஒரு பெண், பிணம் எரியும் இடத்தில் நின்று, பேய்க்கும் வீடு உண்டு, பிள்ளை உண்டு, கண்ணுக்கு மையிட்டுக்கொள்ளும் ஆசை உண்டு என்று பார்த்து எழுதியிருக்கிறார். இந்த ஒரு காட்சியை எடுத்து வரைந்தால் போதும். எந்த நாட்டுப் பூதப்படத்துக்கும் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும்.

கலிங்கத்துப்பரணியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் முடியாது. முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பாதிக்கு மேல் பேய்கள்தான் என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பசியால் வாடிய பேய்கள் காளியிடம் வந்து முறையிடுகின்றன. இமயத்திலிருந்து திரும்பிய ஒரு முதுபேய், கற்றுவந்த இந்திரசாலத்தைச் செய்து காட்டுகிறது. போர்க்களம் கண்முன் விரிய, பசித்த பேய்கள் பாய்ந்து போய் வெறுங்காற்றை அள்ளி மெல்லுகின்றன. பிறகு உண்மையாகவே போர் மூண்டு முடிந்ததும், களத்துக்குப் போய், யானைத் தந்தத்தால் பல் துலக்கி, மூளையை எண்ணெயாகத் தேய்த்துக் குளித்து, கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கின்றன. பந்தியில் குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் தனித்தனியாகக் கூழ் வார்க்கின்றன. சமணப் பேய் ஒரு வேளைதான் உண்ணும், அதுவும் மயிர் விழாமல் வடிகட்டித் தர வேண்டும். ஒவ்வொரு பேயும் ஒரு சாப்பாட்டுப் பழக்கத்தோடு வருகிறது. ஜெயங்கொண்டார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிவைத்த பூதப்பெரும்போர் இது. ஜப்பான்காரனின் படத்தில் யோகாய்கள் திருவிழா என்று நினைத்துத் திரண்டு வருகின்றன. நம்முடைய பரணியில் பேய்கள் உண்மையாகவே விருந்துக்குப் போகின்றன.

புகார் நகரத்துச் சதுக்கப்பூதத்தையும் இதோடு சேர்க்க வேண்டும். பொய்ச்சாட்சி சொன்னவனையும் புறங்கூறினவனையும் பாசக்கயிற்றில் கட்டி விழுங்கும் பூதம். பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனின் தாய் கதறுவதைப் பார்த்துக் கோவலன், தன் உயிரை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடு என்று அதனிடம் கேட்கிறான். பூதம் நியாயம் பேசி மறுக்கிறது. பூதமும் மனிதனும் நாற்சந்தியில் நின்று வழக்காடும் காட்சி சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் நம் பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றின் முகம்கூடத் தெரியாது. கொள்ளிவாய்ப் பிசாசு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். காட்டேரி எப்படி நடக்கும், பூச்சாண்டிக்கு எத்தனை கை, குட்டிச்சாத்தான் எதைத் தின்னும் என்று கேளுங்கள். பெயர் தெரியும்; உருவம் தெரியாது. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: வேதாளம். முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும் அது எல்லோருக்கும் தெரியும். காரணம், அதை ஒருவர் வரைந்தார். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் 1952இல் சேர்ந்த ஓவியர் சங்கர், சுடுகாட்டு வழியில் ஒரு கையில் வாளோடும் தோளில் பிணத்தோடும் நடக்கும் விக்கிரமனை வரைந்தார். மண்டையோடுகள் சிதறிக்கிடக்கும் தரை, கிளை முறுக்கிய மரம், ராஜாவின் தோளில் வெள்ளை முடியோடு துவண்டு தொங்கும் உடல். தாத்தாவும் அப்பாவும் பேரனும் அந்த ஒரே படத்தைப் பார்த்து வளர்ந்தார்கள். அதை வரைந்த கைக்குத் தேவைப்பட்டது தூரிகையும் மையும்தான். மற்ற பேய்களுக்கு ஒரு சங்கர் வாய்க்கவில்லை. அதுதான் நம் குறை.

அந்தப் பத்திரிகையை நடத்திய நாகி ரெட்டியும் சக்கரபாணியும்தான் வடபழனியில் விஜயா நிறுவனத்தையும் நடத்தினார்கள் என்பதை இந்த விவாதத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 'பாதாள பைரவி' 1951இல் வந்தது, 'மாயா பஜார்' 1957இல். கே.வி. ரெட்டி இயக்கத்தில் எஸ்.வி. ரங்காராவ் என்ற மனிதர் ஒற்றை ஆளாகக் கடோத்கஜனாக உட்கார்ந்து கல்யாண விருந்து முழுவதையும் தின்று தீர்த்த காட்சியை மார்க்கஸ் பார்ட்லி கேமராவுக்குள்ளேயே செய்த தந்திரங்களால் எடுத்தார். லட்டுகள் தாமாகவே எழும்பிப் போய் அரக்கனின் வாயில் விழுகின்றன. கணினி என்ற பேச்சே இல்லாத காலம். அந்த அரக்கனைக் கண்டு எந்தக் குழந்தையும் அலறவில்லை. அவன்தான் அந்தப் படத்தின் நாயகன். பிள்ளைகள் பத்திரிகையும் மாயப்படமும் ஒரே முற்றத்திலிருந்து வந்ததால் இது கூடிவந்தது என்று நான் நம்புகிறேன். வடபழனியிலிருந்து ஆற்காடு சாலையில் போரூர் வழியாக மேற்கே வந்தால் பூந்தமல்லி. ஸ்டூடியோக்கள் அந்தச் சாலையிலேயே நகர்ந்து செம்பரம்பாக்கம் வரை வந்துவிட்டன. அம்புலிமாமா மட்டும் கூட வரவில்லை.

அதற்குப் பதிலாக நாம் என்ன எடுத்தோம்? மீகேயின் படம் வந்த அதே 2005இல் இங்கே 'சந்திரமுகி' ஓடியது. 1993ஆம் ஆண்டின் மலையாள 'மணிச்சித்திரத்தாழ்' கதையின் தமிழ் வடிவம். கடைசியில் பேயே இல்லை, மனநோய். பிறகு 'முனி', 'காஞ்சனா', 'அரண்மனை' என்று வரிசை கட்டி வந்தன. இவற்றின் நகைச்சுவையையோ நடிப்பையோ நான் குறை சொல்லவில்லை. 'காஞ்சனா'வில் ஒரு திருநங்கையின் வலியைப் பெருங்கூட்டம் அமைதியாக உட்கார்ந்து பார்த்தது, அது பெரிய காரியம். ஆனால் கதைச்சட்டகம் ஒன்றே ஒன்றுதான். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் ஆவியாகி ஓர் உடம்புக்குள் புகுந்து, பழிதீர்த்துவிட்டு, கோயில் மணியோசையில் விடைபெறுவார். இருபது ஆண்டுகளாக நம் திரையில் பேய் என்றால் இது மட்டும்தான். விரிந்த தலைமயிர், வெள்ளைப் புடவை, உருட்டிய கண். பேய்க்கென்று தனியாக ஒரு நாக்கு, ஒரு வால், ஒரு பழக்கம், ஒரு தொழில் எதுவுமே கிடையாது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு, அதை மதிக்கிறேன். ஜப்பானின் குடைப் பூதமும் பயறு கழுவும் பூதமும் விளையாட்டுப் பொருள்கள். நம்முடைய இசக்கியும் மாடனும் காத்தவராயனும் முத்துப்பட்டனும் கொலையுண்ட மனிதர்கள். சாதியாலும் ஆணாதிக்கத்தாலும் செத்தவர்கள். அவர்களை வைத்துக் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவது அந்தச் சாவுகளை அவமதிப்பதாகும் என்று சொல்கிறார்கள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரின் நீலி கதையை நினைத்தால் இந்த வாதத்தின் கனம் புரியும். கணவன் கையால் செத்த பெண் மறுபிறவியில் வந்து பழிவாங்குகிறாள். அவள் பேச்சை நம்பி வணிகனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள், அவன் செத்ததும் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகிறார்கள். இது குடைப் பூதக் கதை அல்ல, உண்மைதான்.

ஆனால் நம் மரபில் இரண்டு கூட்டம் உண்டு. கொலையுண்டு தெய்வமானவர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்குப் படையலும் வில்லுப்பாட்டும் வழிபடும் குடும்பங்களும் இருக்கின்றன. யாருடைய சாவிலும் பிறக்காத மற்றொரு கூட்டம் உண்டு: கொள்ளிவாய்ப் பிசாசு, பூச்சாண்டி, வேதாளம், சதுக்கப்பூதம், பரணியில் கூழ் குடித்த பேய்கள். நம் சினிமா இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டிவிட்டது. விளைவு, கொலையுண்ட பெண்ணின் கதையை நடுநடுவே நகைச்சுவை நடிகர் கட்டிலுக்கடியில் ஒளியும் காட்சிகளோடு பார்க்கிறோம். உண்மையான அவமதிப்பு அங்கேதான் நடக்கிறது. விளையாடக்கூடிய பூதங்களுக்கு விளையாட ஓர் இடம் கொடுத்திருந்தால், நீலியின் கதையை அதற்குரிய துக்கத்தோடு எடுக்கும் தைரியமும் நமக்கு வந்திருக்கும்.

பேயைக் குழந்தைகளுக்குக் காட்டுவது மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது பகுத்தறிவாளர் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு. பேய் ஓட்டுகிறேன் என்று பெண்களைச் சாட்டையால் அடிக்கும் ஊரில் இந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் முடிவு தவறு. ஜப்பானில் யோகாய்களை முதன்முதலில் பெரிய அளவில் திரட்டி வகைப்படுத்தியவர்களில் ஒருவர் இனோவே என்ரியோ. இன்றைய தோயோ பல்கலைக்கழகத்துக்கு 1887இல் வித்திட்ட தத்துவ அறிஞர், மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். ஒழிப்பதற்காகத்தான் திரட்டினார். மக்கள் அவரைப் பேய் அறிஞர் என்றே அழைத்தார்கள். அவர் திரட்டியவை பின்னால் வந்தவர்களுக்குச் சொத்தாயின. நம் பக்கம் இலங்கையில் ஆபிரகாம் கோவூர் பேய்பிடித்த வழக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து குறித்துவைத்தார். அந்த ஆய்விலிருந்து இங்கே வந்ததும் மனநோய்ப் படங்கள்தான், பூதப் படங்கள் அல்ல. அம்புலிமாமாவில் வேதாளத்தைப் பார்த்த ஒரு குழந்தையும் முருங்கை மரத்துக்கு மந்திரவாதியைக் கூட்டிவரவில்லை. உருவம் தெரியாத பேய்தான் பயமுறுத்துகிறது. சாமியார்கள் காசு பார்ப்பது அந்த உருவமற்ற பயத்தில்தான். மூக்கும் பல்லும் வால்நுனியும் வரைந்து, இது இன்னது தின்னும், இன்ன நேரத்தில் தூங்கும் என்று சொல்லிவிட்டால் அது கதைப்பாத்திரம். கதைப்பாத்திரத்தை யாரும் உடுக்கை அடித்து ஓட்டுவதில்லை.

பணவாதத்துக்கு இறுதியான பதில் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மலையாளப் படம் 'லோகா'. சுமார் 30 கோடியில் எடுக்கப்பட்டது என்றார்கள். 300 கோடியைத் தாண்டி வசூலித்தது. அதன் நாயகி யார்? கள்ளியங்காட்டு நீலி. கள்ளியங்காடு இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்கு அருகில் இருக்கிறது. கூடவே வருபவன் சாத்தான். மலையாளிகளால் இது எப்படி முடிந்தது? கொட்டாரத்தில் சங்குண்ணி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'ஐதிஹ்யமாலை' என்று கேரளத்தின் யட்சிகளையும் மந்திரவாதிகளையும் சாதாரண வாசகன் படிக்கும்படி எழுதித் தொகுத்துவைத்தார். அங்கே அந்தப் புத்தகம் இல்லாத வாசிப்புக் குடும்பம் அரிது. அந்த நூல் தந்த பரிச்சயத்தின் மேல்தான் 1984இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது, இப்போது 'லோகா' வந்தது. நம்மிடமும் தொகுத்தவர்கள் இருக்கிறார்கள். நா. வானமாமலை, கி. ராஜநாராயணன், அ.கா. பெருமாள் என்று பெரிய பெயர்கள். அவர்கள் செய்தது வாழ்நாள் உழைப்பு. ஆனால் அந்த நூல்கள் ஆய்வாளரின் அலமாரியோடும் வளர்ந்த வாசகனோடும் நின்றுவிட்டன. ஒரு சித்திரக்காரரும் அவற்றைத் திறந்து, பக்கத்துக்கு ஒரு பேயாக வரைந்து பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை. பதிப்பகங்கள் கேட்கவில்லை. அரசின் பாடநூல் நிறுவனமும் செய்யவில்லை.

கதைக்கு எங்கும் அலைய வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியைச் சுற்றிப் புதிதாக எழும் அடுக்குமாடி ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு திருஷ்டி பொம்மை தொங்குகிறது. பழைய சட்டைக்கும் பேண்ட்டுக்கும் உள்ளே வைக்கோல் அடைத்து, பூசணிக்காயில் பிதுங்கிய கண், கோரைப்பல், தொங்கும் சிவந்த நாக்கு, முறுக்கு மீசை எல்லாம் தீட்டி, கயிறு கட்டி ஏற்றியிருக்கிறார்கள். மழையில் நனைந்து, வெயிலில் சாயம் போய், கிரகப்பிரவேசம் முடிந்ததும் கழற்றி எறியப்படும் காவல்காரன். அவன் எங்கே போகிறான்? போகியன்று விடியற்காலையில் தெருவில் எரியும் பாயும் முறமும் துடைப்பமும் என்ன நினைக்கும்? ஜப்பானில் ஆண்டுக்கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்து வெளியே எறிந்த பழைய சாமான்கள் கோபங்கொண்டு பூதங்களாயின என்று ஒரு பழங்கதை உண்டு. 1968ஆம் ஆண்டின் ஒற்றைக்கண் குடைக்கும் 2005ஆம் ஆண்டின் இரும்பு அரக்கர்களுக்கும் வேர் அந்தக் கருத்தில் இருக்கிறது. பழையதைப் போகியில் எரிக்கிற நாம், ஆயுத பூஜையன்று அதே சாமான்களுக்குச் சந்தனப்பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைக்கிறோம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் ஓடிய லேத்து மெஷின், வருடத்தில் ஒருநாள் மாலை போட்டுக் கும்பிடப்பட்டு, பட்டறை மூடியதும் காயலான் கடைக்குக் கிலோக்கணக்கில் போகிறது. அது எழுந்து நடந்து வந்து தன்னை ஓட்டிய தொழிலாளியின் பேத்தியைத் தேடினால்? தூர்க்கப்பட்ட ஏரிகளின் கரையிலிருந்து இடம்பெயர்ந்த கன்னிமார்கள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கூடினால்? இவையெல்லாம் நம் தெருவில் கிடக்கும் கதைகள். எந்த ஜப்பானியனிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர் கேட்பார். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படத்தின் புதிய பாகம் தமிழ்க் குரலோடு இங்கே வெளியானது. பள்ளிப் பிள்ளைகள் ஜப்பானிய அரக்கர்களின் பெயரையும் முகத்தையும் ஆற்றலையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அதற்குச் சில நாள் முன்னால் வந்த 'லோகா'வில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து நீலியை மலையாளத்திலிருந்து வாங்கித் தமிழில் பார்த்தார்கள். கூட்டம் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவும் குறைவு: நம் பேய்களைத் தொகுத்த புத்தகங்களோடு நான்கைந்து ஓவியர்களை ஒரு வருடம் உட்காரவைத்து, ஒவ்வொரு பேயையும் தலை முதல் கால் வரை வரைந்து, பெயரெழுதி, ஒரு பள்ளிப் பையன் கைக்காசில் வாங்கக்கூடிய விலையில் அச்சிட வேண்டும். பெரிய படத்தில் ஒரு பாட்டுக்குப் போடும் செட்டின் செலவு இதற்குத் தாராளமாகப் போதும்.